பூமிக்கு அடர்த்தி கண்ட கேவண்டிஷ்

ஒரு கல்லின் அடர்த்தியைக் கேட்டால் நம் வகுப்பில் எல்லோரும் கண்டுபிடித்து விடுவோம். தராசில் வைத்து நிறை பார்க்க வேண்டும். அளவு ஜாடியில் தண்ணீர் ஊற்றி, கல்லை நூலில் கட்டி உள்ளே விட வேண்டும். தண்ணீர் எவ்வளவு ஏறுகிறதோ அதுதான் கல்லின் பருமன். நிறையைப் பருமனால் வகுத்தால் அடர்த்தி. 135 கிராம் கருங்கல்லுக்குத் தண்ணீர் 50 மில்லி ஏறினால் அடர்த்தி 2.7. அதாவது அதே அளவு தண்ணீரைப் போல் 2.7 மடங்கு கனம்.

சரி, அந்தக் கல் கிடந்த பூமிக்கு அடர்த்தி எவ்வளவு? எந்தத் தராசில் வைப்பது? எந்த ஜாடியில் முக்குவது? அதையும் ஒருவர் கண்டுபிடித்தார். ஹைட்ரஜனைக் கண்டுபிடித்தவர் யார் என்ற ஒரு மார்க் கேள்விக்கு நாம் எழுதுகிற அதே ஹென்றி கேவண்டிஷ்தான்.

கேவண்டிஷ் 1731ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் தேதி, இன்று பிரான்சில் உள்ள நீஸ் நகரில் பிறந்தார். குடும்பம் இங்கிலாந்தின் பெரிய பிரபுக் குடும்பம். அவருக்கு இரண்டு வயது நிறைவதற்குள் அம்மா இறந்து விட்டார். அப்பாவுக்கும் ஆராய்ச்சியில் ஆசை உண்டு. மகன் கேம்பிரிட்ஜில் படித்தார். ஆனால் 1753இல் பட்டம் வாங்காமலே வெளியே வந்து விட்டார். 1766இல் ஹைட்ரஜன் பற்றி எழுதினார். பிறகு அது எரிந்தால் தண்ணீர் வருகிறது என்றும் காட்டினார். இதெல்லாம் நம் புத்தகத்திலேயே இருக்கிறது.

புத்தகத்தில் இல்லாத ஒன்று, அவருடைய கூச்சம். நம்மில் சிலர் பதில் தெரிந்தும் கை தூக்க மாட்டோம் அல்லவா, அதைப் போல நூறு மடங்கு. புதியவர்கள் யாராவது பேச வந்தால் விலகிப் போய் விடுவாராம். பெண்களைக் கண்டால் இன்னும் மோசம். சாப்பாட்டுக்கு என்ன வேண்டும் என்பதை வேலைக்காரப் பெண்ணிடம் வாயால் சொல்லாமல் துண்டுச் சீட்டில் எழுதி வைப்பாராம். அவர்கள் எதிரே வரக்கூடாது என்று தனியாக ஒரு மாடிப்படியே கட்டினார் என்கிறார்கள். எனக்கு இது பிடிக்கவில்லை. அந்த வேலைக்காரப் பெண்கள் மனதில் என்ன நினைத்திருப்பார்களோ! பணமோ கொட்டிக் கிடந்தது. ஆனால் போட்டுக்கொள்வது பழங்காலத்துக் கோட்டும் தொப்பியும்தான். தன் சொந்த நூலகத்தில் தானே புத்தகம் எடுத்தாலும் பதிவேட்டில் எழுதி விட்டுத்தான் எடுப்பாராம்.

இனி பூமிக்கு வருவோம். எல்லாப் பொருளும் மற்ற எல்லாப் பொருளையும் இழுக்கிறது என்று நியூட்டன் 1687இலேயே எழுதி விட்டார். பூமி தண்ணீரைப் போல ஐந்து ஆறு மடங்கு கனமாக இருக்கலாம் என்று ஊகமும் செய்திருந்தார். அது ஊகம்தான், அளக்கவில்லை. 1774இல் ஸ்காட்லாந்தில் மாஸ்கலின் என்பவர் தலைமையில் ஒரு மலை தூக்குக் குண்டை எவ்வளவு பக்கவாட்டில் இழுக்கிறது என்று பார்த்தார்கள். அதை வைத்து ஹட்டன் என்பவர் கணக்குப் போட்டு சுமார் 4.5 என்றார். மலைக்கு உள்ளே என்ன பாறை இருக்கிறது என்று தெரியாமல் போட்ட கணக்கு அது.

ஜான் மிட்செல் என்ற பாதிரியார் வேறு வழி யோசித்தார். மலை எதற்கு, ஈயக் குண்டு போதுமே என்று! கருவியும் செய்தார். ஆனால் சோதனை செய்வதற்கு முன்பே 1793இல் இறந்து விட்டார். கருவி கை மாறி கேவண்டிஷிடம் வந்தது. அவர் பெரும்பாலும் புதிதாகச் செய்து, 1797 ஆகஸ்டில் சோதனையைத் தொடங்கினார். அப்போது அவருக்கு 65 வயது முடிந்து 66 நடந்துகொண்டிருந்தது.

ஆறு அடி நீளமுள்ள மரக் கம்பு. அதன் இரண்டு முனையிலும் முக்கால் கிலோ அளவுக்குச் சின்ன ஈயக் குண்டுகள். கம்பின் நடுவில் மெல்லிய கம்பியைக் கட்டித் தொங்க விட்டார். அப்புறம் 158 கிலோ எடையுள்ள பெரிய ஈயக் குண்டு இரண்டை, ஒவ்வொரு சின்னக் குண்டுக்கும் பக்கத்தில் கொண்டுவந்தார். பெரியது சின்னதை இழுக்கும், கம்பி லேசாக முறுக்கிக்கொள்ளும். எவ்வளவு முறுக்குகிறது என்று பார்த்தால் இழுப்பு தெரிந்து விடும். அந்த இழுப்பு சின்னக் குண்டின் எடையில் கோடியில் ஒரு பங்கு கூட இல்லை! கம்பு நகர்ந்ததே சில மில்லிமீட்டர்தான். உள்ளே ஆள் நின்றால் உடம்புச் சூட்டில் காற்று அசைந்து கணக்கே கெட்டு விடும். அதனால் அறையைப் பூட்டி விட்டு, வெளியிலிருந்து கப்பியில் கயிறு இழுத்துப் பெரிய குண்டுகளை நகர்த்தினார். சுவரில் துளை வைத்து டெலஸ்கோப்பில் பார்த்தார். யார் முகத்தையும் பார்க்க முடியாத மனிதர், மாதக்கணக்கில் ஓட்டை வழியாக ஒரு கம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஈயக் குண்டு எவ்வளவு இழுக்கிறது என்பது தெரிந்தது. அதே சின்னக் குண்டைப் பூமி எவ்வளவு இழுக்கிறது? அதுதான் அதன் எடை. இரண்டையும் தூரத்தோடு சேர்த்து ஒப்பிட்டால் ஈயக் குண்டைவிடப் பூமி எத்தனை மடங்கு நிறை என்று வந்து விடும். பூமியின் ஆரம் அப்போதே ஓரளவு தெரியும். ஆரம் தெரிந்தால் பருமன், நாம் கணக்குப் பாடத்தில் போடுகிற கோளச் சூத்திரம்தான். 1798இல் அவர் சொன்ன விடை: பூமி தண்ணீரைப் போல 5.48 மடங்கு. சராசரி எடுத்ததில் ஒரு சின்னத் தப்பு இருந்தது. அவர் எண்களை வைத்தே சரியாகப் போட்டால் 5.45 வரும் என்று பின்னாளில் பெய்லி என்பவர் கண்டுபிடித்தார். இன்றைய எண்ணை நாமே போட்டுப் பார்க்கலாம். பூமியின் நிறை 5.97 × 10²⁴ கிலோ. பருமன் 1.083 × 10²¹ கன மீட்டர். வகுத்தால் ஒரு கன மீட்டருக்கு 5,512 கிலோ. அதாவது தண்ணீரைப் போல 5.51 மடங்கு. கம்பும் ஈயமும் வைத்து எவ்வளவு கிட்டத்தில் வந்திருக்கிறார் பாருங்கள்!

கேவண்டிஷ் G என்ற மாறிலியைக் கண்டுபிடித்தார் என்று படிக்கிறோம். அவர் கட்டுரையில் G என்ற எழுத்தே கிடையாது. அவருக்கு வேண்டியது பூமியின் அடர்த்தி மட்டும்தான். G பின்னால் வந்தவர்கள் அதிலிருந்து எடுத்தது.

இப்போது முதலில் சொன்ன கருங்கல்லை நினைத்துப் பாருங்கள். மேலே கிடக்கிற கல் 2.7, மொத்தப் பூமி 5.5. அப்படியென்றால் உள்ளே கல்லைவிட ரொம்பக் கனமான ஏதோ இருக்கிறது. கொழுக்கட்டையைப் பிட்டுப் பார்க்காமலே கையில் தூக்கி, உள்ளே பூரணம் இருக்கிறது என்று சொல்வது மாதிரி. இரும்பின் அடர்த்தி 7.87. பூமியின் மையக் கருவில் பெரும்பாலும் இரும்புதான் என்பது பிறகு தெளிவானது. அந்தக் கருவின் நடுவில் ஓர் உட்கரு இருக்கிறது என்று நிலநடுக்க அலைகளை வைத்து 1936இல் சொன்னவர் இங்கே லேமன் என்ற டென்மார்க் நாட்டுப் பெண். எதிரே வந்திருந்தால் கேவண்டிஷ் ஓடியிருப்பார்!

அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் உண்டு. கண்டுபிடித்ததில் பாதியை வெளியே சொல்லவே இல்லை. மின்னோட்டத்தை அளக்கக் கருவி இல்லாத காலத்தில், தன் உடம்பில் ஷாக் வாங்கி, எது அதிகம் எது குறைவு என்று ஒப்பிட்டார். ஓம் விதி என்று நாம் படிப்பது 1827இல் வந்தது. அதற்குப் பல வருடம் முன்பே இவர் அதைக் கண்டு, எழுதி, மூடி வைத்து விட்டார். 1810 பிப்ரவரி 24ஆம் தேதி கேவண்டிஷ் இறந்தார். அந்தக் காகிதங்கள் அப்படியே கிடந்தன. கேம்பிரிட்ஜில் கேவண்டிஷ் பெயரில் 1874இல் திறந்த ஆய்வகத்தின் முதல் பேராசிரியர் மேக்ஸ்வெல், பல வருடம் உட்கார்ந்து அவற்றைப் படித்து, சோதனைகளைத் திரும்பச் செய்து பார்த்து, 1879இல் புத்தகமாக வெளியிட்டார். அதே வருடம் நவம்பரில் மேக்ஸ்வெல்லும் இறந்து போனார்.