அந்நிய மண்ணில் ஒரு படுக்கை

பிழைப்புத் தேடிக் கடல் கடந்த கடையநல்லூர், தென்காசி மக்களுக்குச் சிங்கப்பூர் புதிய ஊரல்ல. அங்குள்ள தஞ்சோங் பகாரில் கடையநல்லூர் இஸ்லாமியக் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்திருக்கின்றன. அந்நகரில் ஏழை நோயாளிக்கு ஒரு படுக்கை கிடைக்க வழிசெய்தவர் டான் டோக் செங். அவரது வாழ்வை இன்று சிந்திப்போம்.

1798-இல் மலாக்காவில் பிறந்த இவர், 1819-இல் சிங்கப்பூருக்குப் பிழைக்க வந்தார். காய்கறி, பழம், கோழி விற்றார். சிறுகச் சிறுகச் சேமித்துக் கடை வைத்தார். பெரும் வணிகராக உயர்ந்தார். ஆதரவின்றி இறந்த ஏழைச் சீனர்களைத் தம் செலவில் அடக்கம் செய்தார்.

அக்காலத்தில் பன்றி இறைச்சி விற்பனையில் கிடைத்த வரிப்பணமே ஏழை நோயாளிகளுக்குச் செலவிடப்பட்டது. 1837-இல் அந்த வரி நீக்கப்பட்டது. பணம் நின்றதும் நோயுற்ற ஏழைகள் தெருவில் கிடந்தார்கள். 1844-இல் டான் டோக் செங் மருத்துவமனை கட்ட 5,000 வெள்ளி கொடுத்தார். அவ்வாண்டு மே 25 அன்று பேர்ல்ஸ் குன்றில் அடிக்கல் நாட்டப்பட்டது. 1849-இல் நோயாளிகள் அங்கு குடியேறினர். மறு ஆண்டே, 52 வயதில் அவர் இறந்தார். அவருடைய மனைவியும் மகனும் அப்பணிக்குத் தொடர்ந்து உதவினார்கள். சகாய மாதா நவநாள் ஆலயத்தால் பெயர்பெற்ற நொவீனா பகுதியில், அவர் பெயர் தாங்கிய அம்மருத்துவமனை இன்று அரசுப் பொது மருத்துவமனையாகப் பணிபுரிகிறது.

அன்பார்ந்தவர்களே, இன்று அங்கு அரசின் கட்டணச் சலுகை குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரியது. வேலை அனுமதியில் செல்லும் நம் பிள்ளைகளின் மருத்துவச் செலவு முதலாளியின் பொறுப்பு. 2023 ஜூலை முதல், ஆண்டுக்குக் குறைந்தது 60,000 சிங்கப்பூர் வெள்ளிக்கு அவர் காப்பீடு எடுக்க வேண்டும். ஆனாலும் வேலை போய்விடும் என்று அஞ்சி நோயை மறைப்பவர்கள் உண்டு. பயணச்சீட்டு வாங்கும்முன் சம்பளத்தைக் கேட்கும் நாம், காப்பீட்டையும் கேட்கிறோமா?

நல்ல சமாரியர் காயத்தைக் கட்டியதோடு நிற்கவில்லை. சாவடிக்காரரிடம் பணம் கொடுத்தார். மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் பொறுப்பேற்றார். அயலானுக்கான இரக்கம் அவன் எழுந்து நடக்கும்வரை ஆகும் செலவையும் ஏற்கிறது. வெளிநாட்டிலிருக்கும் நம் பிள்ளைகளுக்கு அதை எதிர்பார்க்கும் நாம், நம் ஊரில் வேலை செய்யும் வடமாநிலத் தொழிலாளிக்கு நோய் வரும்போது அதையே செய்வோம்.