லூயிஸ் கான்

லூயிஸ் ஐசடோர் கான் (பெப்ரவரி 20, 1901 - மார்ச் 17, 1974) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த புகழ்பெற்ற கட்டிடக்கலைஞர் ஆவார். நவீனத்துவக் கட்டிடக்கலை கண்ணாடியையும் மெல்லிய உருக்குச் சட்டங்களையும் நாடிய காலத்தில், தடித்த செங்கற் சுவர்களையும் பூசப்படாத கான்கிரீட்டையும் கொண்டு இவர் கட்டினார். இவரது மிகப்பெரிய படைப்பான வங்காளதேச நாடாளுமன்றக் கட்டிடம், இவர் இறந்து எட்டு ஆண்டுகளுக்குப் பின்னரே நிறைவுற்றது.

வாழ்க்கை

கான், அன்று ரஷ்யப் பேரரசின் பகுதியாக இருந்த எஸ்தோனியாவில் ஏழை யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். குழந்தைப் பருவத்தில் நெருப்புத் தணலால் ஏற்பட்ட தழும்புகள் இவரது முகத்தில் இறுதிவரை இருந்தன. 1906 இல் குடும்பம் பிலடெல்பியாவில் குடியேறியது. இளமையில் ஊமைப்படங்களுக்குப் பியானோ வாசித்துப் பொருள் ஈட்டினார். 1924 இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். எனினும் இவரது புகழ்பெற்ற கட்டிடங்கள் அனைத்தும் ஐம்பது வயதுக்குப் பிற்பட்டவை. 1950-51 இல் ரோமில் தங்கியிருந்தபோது இத்தாலி, கிரேக்கம், எகிப்து ஆகிய நாடுகளின் பழஞ்சிதைவுகளைக் கண்டதே திருப்புமுனை எனப்படுகிறது.

போலியோ தடுப்பூசியை உருவாக்கிய ஜோனாஸ் சால்க்குக்காக இவர் கலிபோர்னியாவில் வடிவமைத்த ஆய்வு நிறுவனம் 1965 இல் நிறைவடைந்தது. இதில் ஆய்வுக்கூடத் தளங்களுக்கு இடையே, குழாய்களுக்கும் மின்கம்பிகளுக்கும் எனத் தனித் தளங்கள் உள்ளன. ஆய்வுக்கு இடையூறு இன்றிப் பழுது பார்க்க இது உதவுகிறது.

டாக்கா நாடாளுமன்றம்

அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் தலைநகரான டாக்காவில் சட்டமன்ற வளாகம் அமைக்கும் பொறுப்பு 1962 இல் கானிடம் வந்தது. இவரைப் பரிந்துரைத்தவர், அப்பணியைத் தாமே ஏற்றிருக்கக்கூடிய வங்கக் கட்டிடக்கலைஞர் முசருல் இஸ்லாம் ஆவார். சுவர்களில் ஐந்தடிக்கு ஒன்றாக வெண்பளிங்குப் பட்டைகள் ஓடுகின்றன. இவை வெறும் அலங்காரம் அல்ல. கான்கிரீட் வார்ப்புகள் ஒன்றோடொன்று சேரும் இணைப்புகளை இவை மறைக்கின்றன. 1971 விடுதலைப் போரின்போது வேலை நின்றது. பாகிஸ்தான் அரசு கட்டத் தொடங்கியதை, அதிலிருந்து பிரிந்த நாடு 1982 இல் தன் நாடாளுமன்றமாகக் கட்டி முடித்தது. இக்கட்டிடத்துக்கு 1989 இல் ஆகா கான் கட்டிடக்கலை விருது கிடைத்தது.

அகமதாபாத்தும் இறுதி நாட்களும்

பி. வி. தோஷியின் அழைப்பின்பேரில் அகமதாபாத்தில் உள்ள இந்திய மேலாண்மைக் கழக வளாகத்தையும் கான் வடிவமைத்தார். அங்குள்ள அகன்ற செங்கல் வளைவுகள் பக்கவாட்டில் விரியாதபடி கான்கிரீட் இணைப்பு விட்டங்கள் பிடித்துக்கொள்கின்றன.

1974 மார்ச்சில் அகமதாபாத்திலிருந்து திரும்பும் வழியில், நியூயார்க்கின் பென்சில்வேனியா தொடருந்து நிலையத்தில் மாரடைப்பால் கான் இறந்தார். இறந்தவர் யார் என்ற செய்தி குடும்பத்தினரை உடனே எட்டவில்லை. அவரது நிறுவனம் பெருங்கடனில் இருந்தது. மனைவி எஸ்தரைத் தவிர வேறு இரு பெண்கள் மூலமும் அவருக்குப் பிள்ளைகள் இருந்தனர். அவர்களுள் ஒருவரான நதானியேல் கான், தந்தையைப் பற்றி 2003 இல் ஆவணப்படம் எடுத்தார்.

2020 இல் அகமதாபாத் வளாகத்தின் 18 மாணவர் விடுதிகளில் 14 ஐ இடிக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. உலகெங்கும் எதிர்ப்பு எழுந்ததால் அத்திட்டம் சில நாட்களில் கைவிடப்பட்டது. ஆனால் 2022 இல், சிதைவைக் காரணம் காட்டி, சில கட்டிடங்களை மீளக் கட்டும் முடிவை நிர்வாகம் மீண்டும் அறிவித்தது.