துப்பாக்கியைக் கீழே வைத்தவர்

தந்தை தென்துருவப் பயணத்தில் இறந்தபோது பீற்றர் ஸ்கொட்டுக்கு இரண்டு வயது. இளமையில் இங்கிலாந்தின் சதுப்புநிலங்களில் காட்டுவாத்துகளைச் சுட்டார்; அவற்றையே ஓவியமாகவும் தீட்டினார். இரண்டாம் உலகப்போரில் கடற்படையில் போரிட்டுத் திரும்பியவர், 1946இல் செவர்ன் ஆற்றோரம் ஸ்லிம்பிரிட்ஜில் நீர்ப்பறவைகளுக்கென ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். பின்னர் வேட்டையையே கைவிட்டார்.

ஹவாய் தீவுகளின் நேநே வாத்துகள் அழியும் நிலையில் இருந்தன. 1950இல் கொண்டுவரப்பட்ட சிலவற்றை ஸ்லிம்பிரிட்ஜில் பெருக்கி, 1962 முதல் தாயகத்துக்கு அனுப்பினார்கள். ஆனால் கீரிகள் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்ற தீவுகளில் அவை இலகுவில் பெருகவில்லை. கீரிகள் பரவாத கவாய் தீவிலேயே பின்னாளில் செழித்தன.

ஸ்கொட் 1989இல் மறைந்தார். மீள்குடியேற்றப் பட்டியலில் பெயர் இருந்தும் ஊர் வேலிக்கு வெளியே நின்றவள் நான். திரும்பிப் போவது வேறு, போன இடத்தில் வாழ முடிவது வேறு என்பதை அந்த வாத்துகளின் கதையில்தான் மறுபடி வாசித்தேன்.