அச்சச் சுவை தந்த வீணைக் கலைஞர்

மெய்ப்பாடுகள் எட்டனுள் அச்சமும் ஒன்று. அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கினையும் அதன் நிலைக்களன்களாக வகுத்தவர் தொல்காப்பியர். ஆயினும் நம் புலவருலகம் பெருமிதத்திற்கும் அழுகைக்கும் தந்த மதிப்பினை அச்சத்திற்குத் தந்ததில்லை. பேய்க்கதை சிறுவரை உறங்கவைக்கும் பாட்டிமார்க்கு உரியது என்றும், திகிற்படம் பொழுதுபோக்குவோர்க்கு உரியது என்றும் கற்றோர் ஒதுக்கிவிட்டனர். அவ்வாறு ஒதுக்கப்பட்ட சுவையைத் தமிழ்த் திரையில் மதிப்புடையதாக்கிய ஒருவரின் வாழ்வினை இங்குச் சொல்ல விழைகின்றேன். வீணை பாலசந்தர் என்று உலகம் போற்றிய எஸ். பாலசந்தரே அவர்.

அவர் 1927ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 18ஆம் நாள் சென்னையிற் பிறந்தார். தந்தையார் சுந்தரம் ஐயர். வீடே ஒரு கலைக்கூடம். தமையனார் எஸ். ராஜம் இசையிலும் ஓவியத்திலும் புகழ் பெற்றவர். தமக்கையார் ஜெயலட்சுமி நடிகையார். 1934இல் வெளிவந்த சீதா கல்யாணம் என்னும் பேசும்படத்தில் தமையனார் இராமனாகவும் தமக்கையார் சீதையாகவும் நடித்தனர். சிறுவனான பாலசந்தரோ இராவணன் அவையிற் கஞ்சிரா வாசிப்பவனாகத் தோன்றினார். கஞ்சிராவோடு நில்லாமல் தபேலா, சிதார் எனப் பல கருவிகளையும் பயின்றார். வீணைக்கு அவர் எவரையும் குருவாகக் கொண்டாரில்லை. செவியும் விரலுமே ஆசிரியராக அமையத் தாமே கற்றார். சென்னை வானொலி நிலையத்திற் கலைஞராகவும் பணியாற்றினார்.

திரைப்படமும் அவரை விட்டபாடில்லை. 1948இல் இது நிஜமா என்னும் படத்தில் இரட்டை வேடம் புனைந்தார். 1951இல் கைதி என்னும் படத்தை இயக்கினார். எனினும் அவர் பெயரை நிலைநிறுத்தியது 1954 ஏப்பிரல் 13இல் வெளிவந்த அந்த நாள் ஆகும். யப்பானிய இயக்குநர் குரோசாவாவின் ராஷோமோன் என்னும் படத்தை ஒரு திரைப்பட விழாவிற் கண்டு, அதன் தூண்டுதலால் அவர் ஒரு நாடகம் எழுதினார். வானொலி அதனை ஏற்கவில்லை. ஏ.வி.எம். நிறுவனத்து மெய்யப்பனார் ஏற்றார். ஜாவர் சீதாராமன் உரையாடல் எழுதியதோடு துப்பறிவாளராகவும் நடித்தார்.

பாட்டும் ஆடலும் இன்றிப் படம் இல்லை என்றிருந்த காலம் அது. அக்காலத்தில் ஒரு பாட்டும் இல்லாமல் வந்த முதற் தமிழ்ப் படம் அந்த நாள். இசைக் கலைஞர் ஒருவரே பாட்டை விலக்கினார் என்பது எண்ணத்தக்கது. ஒலியின் வலிமையை அறிந்தவரே மௌனத்தின் வலிமையையும் அறிவார். இந்திய அரசின் தகுதிச் சான்றிதழ் அப்படத்திற்குக் கிடைத்தது. ஆயின், முதல் வெளியீட்டிற் பொருள் ஈட்டவில்லை.

1943 அக்டோபரில் சென்னைமீது யப்பானியர் குண்டு வீசிய நாளே படத்தின் களம். அன்று வானொலிப் பொறியாளன் ஒருவன் தன் வீட்டிற் சுடப்பட்டு இறந்து கிடக்கின்றான். சிவாஜி கணேசன் அப்பாத்திரத்தை ஏற்றார். கொன்றவர் யார் என்று ஆராயும்போது, ஒவ்வொருவர் வாய்மொழியிலும் இறந்தவன் வெவ்வேறு மனிதனாக எழுந்து நிற்கின்றான். ராஷோமோன் உண்மையை ஐயத்திலேயே விட்டுச் செல்கின்றது. அந்த நாளோ உண்மையைத் தேடி அடைகின்றது. மட்டக்களப்பு மக்களுக்கு இக்களம் அயலானதன்று. 1942 ஏப்பிரல் 9இல் யப்பானிய வானூர்திகள் திருகோணமலையைத் தாக்கின. அன்றே ஹேர்மிஸ் என்னும் ஆங்கிலேயப் போர்க்கப்பல் எங்கள் கடலில் மூழ்கியது.

பின்னர் அவர் தம் சொந்த நிறுவனத்தின் வாயிலாக அவனா இவன் (1962), பொம்மை (1964), நடு இரவில் (1970) ஆகிய படங்களை எடுத்தார். இயக்கம், இசை, நடிப்பு மூன்றும் அவரே. பொம்மையில், வணிகர் ஒருவரைக் கொல்ல வெடிகுண்டு பொதிந்து வைத்த விளையாட்டுப் பொம்மை கைதவறிப் போய்ப் பலர் கைக்கு மாறுகின்றது. ஜேசுதாசின் குரல் தமிழ்த் திரையில் முதன்முதல் ஒலித்ததும் அப்படத்திலேயே. இறுதியிற் படத்திற் பணிபுரிந்தோரைத் திரையிலேயே தோற்றுவித்து அறிமுகஞ் செய்தார். நடு இரவில் அகதா கிறிஸ்தியின் நாவலைத் தழுவியது. தனித்த மாளிகையிற் கூடிய உறவினர் ஒருவர்பின் ஒருவராக மடிகின்றனர். படம் முடிந்தும் ஆண்டுகள் சில கிடந்தே அது வெளிவந்தது.

தாள் திருத்தும் ஆசிரியனாகிய யான் இவற்றைத் தரப்படுத்துவதாயின், முதலிடம் அந்த நாளுக்கே. அதில் ஒரு காட்சியும் மிகையன்று. இரண்டாமிடம் பொம்மைக்கு. குழந்தை கொஞ்சும் பொருளையே கூற்றுவனாக்கிய கற்பனை வியப்பிற்குரியது. ஆயினும் இடையிடையே நகைச்சுவை நீள்கின்றது. மூன்றாமிடம் நடு இரவிலுக்கு. அதன் இருளும் மாளிகையும் நெஞ்சை விட்டகலா. முடிச்சு மட்டும் கடன் வாங்கியது.

இவை எவற்றிலும் பேய் இல்லை, விலங்கு இல்லை. கள்வர் என்னும் நிலைக்களனையே அவர் தேர்ந்தெடுத்தார். அக்கள்வனையும் காட்டுவழியினின்று பெயர்த்து வீட்டுக்குள்ளே, உறவினர் நடுவே அமர்த்தினார். சித்தாண்டியில் நாங்கள் அந்த நாளை முதலிற் கண்டது 1980களில், வாடகைக்கு எடுத்த வீடியோப் பெட்டியில், ஒரு வீட்டு முற்றத்திலேயாகும். அடுத்த பத்தாண்டில் எங்கள் ஊரார் மெய்யான அச்சத்தைக் கற்றனர். நள்ளிரவில் நாய் குரைத்தால் எவரும் பேயை நினைக்கவில்லை, மனிதரையே நினைத்தனர். யார் யாரைப் பற்றி யாரிடம் என்ன சொல்வாரோ என்ற ஐயம் வேலிதோறும் நின்றது. அதன்பின் அப்படத்தை மீண்டும் பார்த்தபோது, அதனைப் பொழுதுபோக்கு என்று சொல்ல என் நா எழவில்லை.

பாலசந்தர் பின்னாளில் திரையை முற்றாகத் துறந்து வீணைக்கே தம்மை ஒப்புக்கொடுத்தார். நரம்பினை இழுத்து வாய்ப்பாட்டின் குழைவினை எழுப்பும் தனிப்பாணி அவருடையது. 72 மேளகர்த்தா இராகங்களையும் வாசித்து இசைத்தட்டுகளிற் பதித்தார். 1982இல் பத்ம பூஷண் விருது பெற்றார். யாழின் மறைவை ஆராய்ந்து 1947இல் யாழ்நூல் தந்த விபுலாநந்த அடிகளின் நாட்டவனாதலின், நரம்புக் கருவியொன்று ஒருவர் கையில் இவ்வாறு தழைத்ததை யான் பெருமகிழ்வோடு எண்ணுகின்றேன்.

வளைந்து கொடுக்கும் இயல்பு அவரிடம் இல்லை. சுவாதித் திருநாளின் இசைப்பணி பற்றி வழங்கும் வரலாறு நம்பத்தக்கதன்று என 1980களில் வாதிட்டுப் பெரும் பகையைத் தேடிக்கொண்டார். அவர் முடிபினை ஏற்காதார் பலர். ஆயினும், எல்லோரும் ஒப்பிய கதையை ஐயுற்று ஆராயும் அவ்வியல்பே அந்த நாளைப் படைத்தது என்பதை மறுத்தல் இயலாது.

1990 ஏப்பிரல் 13ஆம் நாள், இசைப் பயணத்தின் இடையில், பிலாய் நகரில் அவர் மறைந்தார். அந்த நாள் வெளிவந்து அன்றைக்குச் சரியாக முப்பத்தாறு ஆண்டுகள் நிறைந்திருந்தன. இன்று அப்படங்களைக் கைப்பேசியிலேயே காணலாம். மாணவர்கள் மெய்ப்பாட்டியலில் அச்சத்தைப் பயிலும் நாளில் அவற்றுள் ஒன்றையேனும் பார்ப்பார்களாக. நான்கு நிலைக்களன்களுள் மிகக் கொடியது எது என்பதை ஆசிரியர் சொல்லாமலே உணர்வர்.