புதுநூலுக்குப் பாயிரம் தந்த பெலின்ஸ்கி

நூலுக்கு முகமாக அமைவது பாயிரம். தம் நூலைத் தாமே புகழ்ந்துரைத்தல் தகாது என்பதால், அதன் சிறப்பைப் பிறர் எடுத்துரைக்கும் சிறப்புப் பாயிரம் என்னும் மரபை நம் முன்னோர் கண்டனர். நூலாசிரியனின் ஆசிரியன், அவனோடு உடன் கற்றோன், அவன் மாணாக்கன், தகுதி வாய்ந்த உரைகாரன் ஆகியோரே பாயிரம் கூறுதற்கு உரியவர் என்று நன்னூல் வரையறுக்கிறது. இந்நால்வரும் ஏதேனும் ஒரு வகையில் நூலாசிரியனுக்கு அணுக்கமானவர்கள். ஆனால் அச்சு இயந்திரம் வந்த பின்னர் நிலை மாறியது. முகமறியாத ஒருவன் எழுதிய நூல், முகமறியாத வாசகர் பல்லாயிரவரிடம் செல்லலாயிற்று. அந்நூலின் சிறப்பை முதலில் உணர்ந்து உலகுக்கு உரைப்பவர் யார்? ஆசிரியரும் இல்லாத, உடன் கற்றோரும் இல்லாத ஓர் எளிய எழுத்தாளனுக்குப் பாயிரம் தருபவர் யார்?

இவ்வினாவுக்கு விடையாக ஒரு மனிதர் ருசிய நாட்டில் வாழ்ந்தார். விஸ்ஸாரியோன் கிரிகோரியெவிச் பெலின்ஸ்கி என்பது அவர் பெயர். அவர் புகழ்பெற்ற கதை எதனையும் எழுதியவர் அல்லர். எனினும் கோகோல், லெர்மந்தோவ், துர்கனேவ், தாஸ்தாயெவ்ஸ்கி ஆகியோரைப் பற்றிப் பேசும்போது அவரைக் குறிப்பிடாமல் பேச இயலாது. முப்பத்தேழு ஆண்டுகளும் நிறையாத அவரது வாழ்வை இக்கட்டுரை சுருங்க உரைக்கிறது.

பிறப்பும் கல்வியும்

பெலின்ஸ்கி 1811ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள், அன்று ருசியப் பேரரசின் ஆட்சியிலிருந்த பின்லாந்தின் ஸ்வேபோர்க் கடற்கோட்டையில் பிறந்தார். தந்தை கடற்படை மருத்துவர். பின்னர் அக்குடும்பம் பென்சா மாகாணத்துச் செம்பார் என்னும் சிற்றூரில் குடியேறியது. தந்தையின் குடிப்பழக்கமும் வறுமையும் சூழ்ந்த இல்லத்தில் அச்சிறுவனுக்குத் துணையாயிருந்தவை நூல்களே. விரும்பிய பாடல்களைத் தம் கையால் படியெடுத்துச் சேர்த்து வைக்கும் பழக்கம் அவருக்கு இளமையிலேயே ஏற்பட்டது.

1829இல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ருசிய உழவர்கள் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்ட பண்ணையடிமைக் காலம் அது. அக்கொடுமையைச் சாடி, மாணவராக இருந்தபோதே ஒரு நாடகம் எழுதித் தணிக்கைக் குழுவிடம் அளித்தார். பேராசிரியர்களே தணிக்கையாளர்கள். நாடகம் மறுக்கப்பட்டது, ஆசிரியருக்குக் கடும் எச்சரிக்கை கிடைத்தது. 1832இல் அவர் பல்கலைக்கழகத்தினின்று நீக்கப்பட்டார். உடல்நலக் குறைவும் அறிவாற்றல் குறைவும் காரணங்களாகக் காட்டப்பட்டன. ஒரு நாட்டின் இலக்கியத் திறனாய்வுக்கே அடித்தளமிட்டவரை அறிவாற்றல் குறைந்தவர் என்று அனுப்பிவிட்ட விந்தையை வரலாறு இன்றும் நினைவில் வைத்துள்ளது.

கோகோலைக் கண்டுரைத்தல்

பட்டம் பெறாத அவ்விளைஞர் இதழ்களில் எழுதிப் பிழைக்கலானார். 1834இல் வெளிவந்த 'இலக்கியக் கனவுகள்' என்னும் தொடர் கட்டுரை அவரை நாடறியச் செய்தது. ருசியாவில் நல்ல எழுத்தாளர் சிலர் உண்டெனினும், மக்களின் வாழ்விலிருந்து முளைத்த இலக்கியம் என்று ஒன்று இன்னும் தோன்றவில்லை என்பது அதன் சாரம். முதியோர் சினந்தனர், இளைஞர் மகிழ்ந்தனர்.

இல்லை என்று சொல்வதோடு அவர் நின்றுவிடவில்லை. அடுத்த ஆண்டே இதோ வந்துவிட்டது என்று சுட்டிக் காட்டினார். 1835இல் கோகோலின் சிறுகதைகள் குறித்து ஒரு நெடுங்கட்டுரை எழுதினார். அப்போது பெலின்ஸ்கிக்கு வயது 24. கோகோலுக்கு வயது 26. கோகோலை நகைச்சுவையாளர் என்ற அளவிலேயே பலரும் கருதிய காலம். அந்நகைப்பின் அடியில் ஓடும் துயரத்தைக் கண்டுரைத்த பெலின்ஸ்கி, இன்றைய ருசிய இலக்கியத்தின் தலைமை இவருக்கே உரியது என்று துணிந்து எழுதினார். மாகவி புஷ்கின் உயிரோடிருக்கும்போதே இவ்வாறு எழுதினார் என்பது குறிப்பிடத்தக்கது. புஷ்கினோ சினம் கொள்ளவில்லை. 1836இல் தாம் தொடங்கிய 'சமகாலத்தவன்' இதழின் படியொன்றை, பிறர் அறியாவண்ணம் நண்பர் வழியே பெலின்ஸ்கிக்கு அனுப்பச் செய்தார். இருவரும் இணைந்து பணியாற்றும் வாய்ப்புக் கனியுமுன் 1837இன் தொடக்கத்தில் புஷ்கின் மறைந்தார்.

கோகோலுக்கும் பெலின்ஸ்கிக்கும் இடையே மற்றொரு தொடர்பும் உண்டு. இறந்துபோன பண்ணையடிமைகளின் பெயர்களை விலைக்கு வாங்கித் திரியும் ஒருவனின் கதையாகிய 'இறந்த ஆன்மாக்கள்' மாஸ்கோ தணிக்கையாளரிடம் சிக்கியது. ஆன்மா அழிவற்றதாயிற்றே, அது இறந்தது என்பது எப்படி என்று தலைப்பிலேயே தடை எழுந்தது. மனம் சோர்ந்த கோகோல் அக்கையெழுத்துப் படியை 1842 ஜனவரியில் பெலின்ஸ்கியிடம் ஒப்படைத்துப் பீட்டர்ஸ்பர்க்கிற்குக் கொடுத்தனுப்பினார். தலைப்பு மாற்றத்துடனும் சில வெட்டுகளுடனும் நூல் அவ்வாண்டே வெளிவந்தது. எதிர்ப்பு எழுந்தபோது அதற்கு அரணாக நின்று எழுதியவரும் பெலின்ஸ்கியே.

பீட்டர்ஸ்பர்க் வாழ்வு

1839இன் இறுதியில் பீட்டர்ஸ்பர்க் சென்ற பெலின்ஸ்கி, 'தாய்நாட்டுக் குறிப்புகள்' என்னும் திங்களிதழின் திறனாய்வுப் பகுதியை ஏற்றார். ஊதியம் சிறிது, உழைப்போ பெரிது. நாவலும் கவிதையும் மட்டுமன்றிக் கனவுப்பலன் நூல், குறி பார்க்கும் நூல் முதலியவற்றுக்கும் அவரே மதிப்புரை எழுத வேண்டியிருந்தது. ஈரம் கசியும் அந்நகரத்துத் தட்பவெப்பம் அவரது காசநோயை வளர்த்தது.

அச்சுமையின் நடுவிலும் நல்ல நூல் ஒன்று கண்ணில் பட்டால் அவர் குழந்தையாகி விடுவார். லெர்மந்தோவ் இதற்குச் சான்று. 1837இல் இருவரும் முதன்முதல் சந்தித்தபோது லெர்மந்தோவின் கேலிப்பேச்சால் மனம் நொந்து பெலின்ஸ்கி எழுந்து சென்றுவிட்டார். ஆயினும் 1840இல் 'நம் காலத்து நாயகன்' வெளிவந்தபோது அக்கசப்பு அவர் பேனாவைத் தடுக்கவில்லை. இருவர் போர் ஒன்றில் ஈடுபட்டுக் காவலில் இருந்த லெர்மந்தோவைத் தாமே சென்று கண்டார். உள்ளம் நிறைந்து திரும்பினார். அந்நாவலின் அருமையை விரிவாக எழுதினார். எழுதியவன் எப்படிப்பட்டவன் என்பதைவிட எழுத்து எப்படிப்பட்டது என்பதே அவருக்கு முதன்மையாயிற்று.

அவரது ஆர்வத்தின் வேகத்தைத் துர்கனேவ் பதிவு செய்துள்ளார். இறைவன் உண்மை பற்றி இருவரும் நெடுநேரம் விவாதித்துக் கொண்டிருந்தபோது, துர்கனேவ் உணவு வேளையை நினைவூட்டினாராம். இன்னும் இந்த வினாவுக்கே விடை காணவில்லை, அதற்குள் உணவா என்று பெலின்ஸ்கி கடிந்து கொண்டாராம்.

ஒரு வெண்ணிற இரவு

பெலின்ஸ்கியின் வாழ்வில் பெரிதும் பேசப்படும் நிகழ்ச்சி 1845ஆம் ஆண்டு மே மாதத்தில் நடந்தது. இராணுவப் பொறியாளர் பணியைத் துறந்த 23 வயது இளைஞர் ஒருவர் 'ஏழை மக்கள்' என்னும் முதல் நாவலை எழுதி முடித்திருந்தார். அவரே தாஸ்தாயெவ்ஸ்கி. அறையில் உடன் தங்கியிருந்த கிரிகரோவிச் அதைக் கவிஞர் நெக்ராசோவிடம் எடுத்துச் சென்றார். பத்துப் பக்கம் படித்துப் பார்ப்போம் என்று தொடங்கிய இருவரும் விடியும்வரை மாறி மாறிப் படித்தனர். வடபுலத்துக் கோடையில் இரவும் வெளுத்தே இருக்கும். அவ்வெண்ணிற இரவில், அதிகாலை நான்கு மணிக்கு, இருவரும் தாஸ்தாயெவ்ஸ்கியின் கதவைத் தட்டிக் கண்ணீருடன் தழுவிக் கொண்டனர்.

அன்றே அக்கையெழுத்துப் படி பெலின்ஸ்கியிடம் சென்றது. புதிய கோகோல் தோன்றிவிட்டார் என்று நெக்ராசோவ் கூற, உங்களுக்கெல்லாம் கோகோல்கள் காளான்போல் முளைக்கிறார்கள் என்று பெலின்ஸ்கி எள்ளினார். ஆனால் மாலையில் நெக்ராசோவ் மீண்டும் சென்றபோது, அந்த இளைஞரை உடனே அழைத்து வாருங்கள் என்று அவர் துடித்துக் கொண்டிருந்தார்.

அந்நாவலின் நாயகன் அலுவலகத்தில் படியெடுத்துப் பிழைக்கும் முதிய எழுத்தர். பிழையொன்றுக்காக மேலதிகாரி முன் நிற்கும்போது அவரது நைந்த சட்டையின் பொத்தான் அறுந்து உருண்டோடுகிறது. அதனைப் பிடிக்க அம்முதியவர் குனிந்து தடுமாறுகிறார். இக்காட்சியைச் சுட்டிக்காட்டிய பெலின்ஸ்கி, நீர் எழுதியது என்னவென்று உமக்கே தெரியுமா என்று அவ்விளைஞரிடம் மீண்டும் மீண்டும் கேட்டார். திறனாய்வாளர் பல பக்கங்களில் விளக்க முயலும் உண்மையைக் கலைஞன் ஒரே கீற்றில் காட்டிவிடுகிறான் என்று வியந்தார். இக்கொடைக்கு உண்மையாயிருந்தால் பெரும் எழுத்தாளர் ஆவீர் என்று வாழ்த்தினார். வெளியே வந்த தாஸ்தாயெவ்ஸ்கி தெருமுனையில் நின்று வானத்தையும் நடந்து செல்லும் மக்களையும் பார்த்தபடி நெடுநேரம் மெய்ம்மறந்திருந்தார். தம் வாழ்வின் மிக இனிய கணம் அதுவே என்றும், சைபீரியச் சிறையிலும் அதனை எண்ணியே உள்ளம் தேறியதாகவும் 1877இல் அவர் எழுதினார்.

நாவல் அச்சேறியது 1846இல்தான். ஆனால் அச்சேறும் முன்பே நகரம் முழுவதும் அதன் பெயரை அறிந்திருந்தது. காரணம், பெலின்ஸ்கி காண்போரிடமெல்லாம் அதைப்பற்றியே பேசினார் என்பதேயாகும்.

குறையும் கண்டவர்

பாராட்டியவரையே பிறகு கண்டிப்பதற்கும் பெலின்ஸ்கி தயங்கவில்லை. தாஸ்தாயெவ்ஸ்கியின் அடுத்த படைப்பாகிய 'இரட்டையர்' நீண்டு சலிப்பூட்டுவதாக உரைத்தார். 'வீட்டுக்காரி' என்னும் கதையை முற்றிலும் வெறுத்தார். இருவருக்கும் இடையே விரிசல் ஏற்பட்டது. 'இரட்டையரை' உயர்வாக மதிப்போர் பின்னாளில் பலர் தோன்றினர். இவ்வகையில் பெலின்ஸ்கி பிழைபட்டார் என்றே கொள்ள வேண்டும். ஈரம் உலராத நூலைப் பற்றித் தீர்ப்புரைப்பவர் பிழைபடவும் துணிந்தவராதல் வேண்டும். காலம் தீர்ப்பளித்த பின் அதனை வழிமொழிபவருக்குப் பிழை நேராது. ஆனால் அவரால் எழுத்தாளனுக்குப் பயனும் விளையாது.

இந்நேர்மைக்குப் பெருஞ்சான்று கோகோலுக்கு எழுதிய மடல். 1847இல் கோகோல் வெளியிட்ட 'நண்பர்களுடனான கடிதத் தொடர்பிலிருந்து சில பகுதிகள்' என்னும் நூல் பண்ணையடிமை முறைக்கும் எதேச்சாதிகாரத்துக்கும் ஆதரவாக அமைந்தது. அப்போது பெலின்ஸ்கி, நண்பர்கள் திரட்டிய பொருளுதவியால் சைலீசியாவின் சால்ஸ்பிரன் என்னும் ஊற்றுநீர்த் தலத்தில் காசநோய்க்கு மருத்துவம் பெற்று வந்தார். தம் மதிப்புரையால் வருந்திக் கோகோல் எழுதிய கடிதத்திற்கு, அங்கிருந்து ஜூலை மாதத்தில் மறுமொழி வரைந்தார். யாரைத் தலைவர் என்று முதன்முதல் முழங்கினாரோ அவரையே நோக்கி, நாட்டுக்கு இன்று தேவை மனிதனை மனிதன் விற்கும் கொடுமையை ஒழிப்பதே என்று இடித்துரைத்தார். அன்பு கொண்டவன் ஏமாற்றமடைந்த சினம் அது.

மறைவுக்குப் பின்

நாடு திரும்பிய பெலின்ஸ்கியை இரகசியக் காவல் துறை விசாரணைக்கு அழைத்தது. படுக்கையிலிருந்த அவரால் செல்ல இயலவில்லை. 1848 ஜூன் 7ஆம் நாள் மனைவியையும் சிறு மகளையும் வறுமையில் விட்டு மறைந்தார். அவர் பெயரை அச்சிடுவதே சில ஆண்டுகள் தடைப்பட்டது.

எனினும் அம்மடல் கைப்படிகளாக நாடெங்கும் பரவியது. 1849இல் ஒரு நண்பர் குழுவில் அதை உரக்கப் படித்தவர் யார் தெரியுமா? பெலின்ஸ்கியோடு மனம் கசந்து பிரிந்த தாஸ்தாயெவ்ஸ்கியே. அவர்மீது சாட்டப்பட்ட முதன்மையான குற்றங்களுள் இதுவும் ஒன்று. மரண தண்டனை விதிக்கப்பட்டு, கொலைக்களம் வரை கொண்டு செல்லப்பட்டு, கடைசி நேரத்தில் தண்டனை மாற்றப்பட்டுச் சைபீரியாவுக்கு அனுப்பப்பட்டார். மாற்றணியைச் சேர்ந்த இவான் அக்சாகோவ், 1856இல் மாகாணங்களில் பயணம் செய்தபோது, அம்மடலை மனப்பாடமாக அறியாத பள்ளியாசிரியர் இல்லை என்று வியந்து எழுதினார். துர்கனேவ் 1862இல் நூல் வடிவில் வெளியிட்ட 'தந்தையரும் தனயரும்' நாவலை பெலின்ஸ்கியின் நினைவுக்குப் படைத்தார். 1883இல் மறைந்தபோது, அவர் விரும்பியவாறே பெலின்ஸ்கி உறங்கும் வோல்கவோ இடுகாட்டிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

நிறைவாக

மாஸ்கோவில் அச்சாகி வந்த தமிழ்ப் பதிப்புகள் வழியே ருசியக் கதைகளைப் படித்து வளர்ந்த தலைமுறை நம்மிடையே உண்டு. அவை எல்லாம் ஒரு காலத்தில் யாரும் அறியாத புதுநூல்களாக இருந்தவை என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. பாடத்திட்டத்தில் இடம்பெற்ற பிறகே ஒரு நாவலைக் கையிலெடுப்பதும், பரிசு பெற்ற பிறகே ஓர் எழுத்தாளரை வகுப்பில் குறிப்பிடுவதும் நமக்கு வழக்கமாகிவிட்டன. மாணவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஆசிரியராகிய நாமும் அவ்வாறே நடந்து வருகிறோம். பிழைபட்டுவிடுவோமோ என்னும் அச்சமே இதற்குக் காரணம்.

தமிழில் ஒவ்வோர் ஆண்டும் புதிய கதை நூல்கள் வந்த வண்ணம் உள்ளன. அவற்றுள் ஒன்று, எங்கோ ஒரு சிற்றூர் இளைஞன் எழுதிய முதல் நூலாக, நூலகத்துப் புதுவரவு அடுக்கில் பக்கம் பிரிக்கப்படாமல் காத்திருக்கக்கூடும். அதைப் படித்து நெஞ்சம் நெகிழ்ந்தால், மறுநாள் காலை வகுப்புத் தோழனிடம் அதன் பெயரைச் சொல்லுங்கள். இயன்றால் நூலாசிரியருக்கு ஓர் அஞ்சலட்டை எழுதுங்கள். பாயிரம் கூறும் உரிமை இன்று படிக்கும் ஒவ்வொருவருக்கும் உண்டு. அதனைக் காலத்தே கூறுதல் கடமை என்பதே பெலின்ஸ்கியின் வாழ்வு நமக்குத் தரும் பாடமாகும்.