அறிஞர் ஜகதீச சந்திர போஸ்

மின்கலம் ஒன்று, டிரான்சிஸ்டர் ஒன்று, மின்தடைகளும் மின்தேக்கிகளும் சில, சிறிய ஒலிபெருக்கி ஒன்று. துளைகள் நிறைந்த ஒரு பலகையில் இவற்றை முறைப்படி செருகி இணைத்தால், மெல்லிய ஒலியும் உரத்துக் கேட்கும். டிரான்சிஸ்டரின் ஒரு காலில் நுழையும் சிறு மின்னோட்டம், மின்கலத்திலிருந்து வரும் பெரிய மின்னோட்டத்தைக் கூட்டியும் குறைத்தும் ஆளுகின்றது. குழாயின் திருகைச் சிறிதே அசைத்தால் நீர் மிகுந்தும் குறைந்தும் பாய்வதை இதற்கு உவமையாகக் கூறலாம்.

டிரான்சிஸ்டரைக் குறைகடத்தி என்னும் பொருளால் செய்கின்றனர். அது செம்பைப் போல மின்சாரத்தை எளிதில் கடத்தாது. கண்ணாடியைப் போல முற்றிலும் தடுப்பதும் இல்லை. நம் பத்து பெரண்டாம் வட்டாரத்தில் 1970ஆம் ஆண்டுகளிலேயே குறைகடத்தித் தொழிற்சாலைகள் எழுந்தன. ஆயினும், அத்தொழிற்சாலைகள் தோன்றுவதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்னரே குறைகடத்திப் படிகத்தைக் கருவியாக்கிக் காட்டிய இந்திய அறிஞர் ஒருவர் இருந்தார். அவரே ஜகதீச சந்திர போஸ். அப்பெருமகனாரின் வரலாற்றை இங்கே காண்போம்.

போஸ் 1858ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் வங்காளத்தில் பிறந்தார். தந்தையார் பகவான் சந்திர போஸ் அரசாங்க உயர் அலுவலர். அக்காலத்தில் அத்தகையோர் தம் மக்களை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவதையே பெருமையாகக் கருதினர். தந்தையாரோ மகனை வங்க மொழிப் பள்ளியிலேயே சேர்த்தார். பிள்ளை முதலில் தாய்மொழியையும் தன் மக்களையும் அறிய வேண்டும் என்பது அவர் கொள்கை. வகுப்பில் போஸின் ஒரு பக்கம் தந்தையாரின் முஸ்லிம் பணியாளர் மகனும், மறுபக்கம் மீனவர் மகனும் அமர்ந்திருந்தனர். அவர்கள் கூறிய பறவை, விலங்கு, நீர்வாழ் உயிர்களின் கதைகளே இயற்கையை ஆராயும் ஆவலைத் தம் உள்ளத்தில் விதைத்தன என்று அவர் பிற்காலத்தில் நினைவு கூர்ந்தார். அத்தோழர்கள் வீட்டிற்கு வந்தால் அன்னையார் வேறுபாடின்றி அனைவருக்கும் உணவளிப்பாராம்.

பின்னர்க் கல்கத்தாவில் கல்வி பயின்ற போஸ், 1880ஆம் ஆண்டு மருத்துவம் கற்க இங்கிலாந்து சென்றார். காய்ச்சல் ஓயாமல் வருத்தியதால் அப்படிப்பைக் கைவிட்டுக் கேம்பிரிட்ஜில் அறிவியல் பயின்று பட்டம் பெற்றார். 1885இல் தாயகம் திரும்பிக் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பௌதிகப் பேராசிரியரானார்.

அங்கே ஓர் அநீதி அவரை எதிர்கொண்டது. ஐரோப்பியப் பேராசிரியர் பெறும் ஊதியத்தில் மூன்றில் ஒரு பங்கே அவருக்குத் தர முன்வந்தனர். தந்தையார் கடன்பட்டிருந்த வேளை அது; பணம் மிகவும் வேண்டியிருந்தது. எனினும் போஸ் அந்தக் குறைந்த ஊதியத்தைத் தொடவில்லை. பாடம் நடத்துவதையும் நிறுத்தவில்லை. மூன்று ஆண்டுகள் ஒரு காசும் பெறாது கற்பித்தார். முடிவில் அவருடைய உறுதியும் திறமையும் வென்றன. முழு ஊதியமும் நிலுவையுடன் கிடைத்தது. குடும்பக் கடனும் தீர்ந்தது. இக்காலத்தில் அவருக்கு வாழ்க்கைத் துணையாக வந்தவர், சென்னையில் மருத்துவம் பயின்ற அபலா அம்மையார் ஆவார்.

கல்லூரியில் நல்ல ஆய்வுக்கூடம் இல்லை. சிறு அறை ஒன்றையே ஆய்வுக்கூடமாகக் கொண்டு, உள்ளூர்த் தகர வேலைக்காரரின் துணையுடன் கருவிகளைத் தாமே உருவாக்கினார். 1895இல் கல்கத்தா நகர மண்டபத்தில் மக்கள் கூடியிருக்க, கம்பி எதுவும் இல்லாமல் மின் அலைகளைச் செலுத்தினார். அவ்வலைகள் சுவர்களை ஊடுருவிச் சென்று தொலைவில் இருந்த மணியை ஒலிக்கச் செய்தன. வெடிமருந்தையும் வெடிக்கச் செய்தன. அவர் ஆராய்ந்த அலைகளுள் சில ஐந்து மில்லிமீட்டர் அளவே நீளமுடையவை.

அவ்வலைகளை உணர்வதற்கு அவர் தேர்ந்தெடுத்த பொருள் கலீனா என்னும் ஈயத்தாதுப் படிகம். அதன்மீது உலோக முனை ஒன்றைப் பதியவைத்தார். எளிய அமைப்புதான், எனினும் அதுவே குறைகடத்திக் கருவிகளின் முன்னோடி ஆயிற்று. 1901இல் தந்தி நிறுவன உரிமையாளர் ஒருவர், கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெற்று இலாபத்தில் பங்கு தருவதாகக் கூறினார். அறிவைப் பொருளுக்கு விற்கப் போஸ் இசையவில்லை. நண்பர்கள் வற்புறுத்தவே அமெரிக்கக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1904இல் அது கிடைத்தும் அதனால் செல்வம் சேர்க்க அவர் முனையவில்லை.

1947ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் முதல் டிரான்சிஸ்டர் பிறந்தது. அதிலும் ஒரு படிகமே இருந்தது. அதன்மீது பொன்னாலான இரு முனைகள் பதிந்திருந்தன. போஸின் கருவி அலையை உணர்ந்தது. டிரான்சிஸ்டரோ மின்குறியைப் பெருக்கவும் செய்தது. அதைப் படைத்தோருள் ஒருவரான வால்டர் பிராட்டைன், வானொலி அலைகளை உணரக் குறைகடத்திப் படிகத்தை முதன்முதல் பயன்படுத்திய பெருமை போஸுக்கே உரியது என்று எழுதினார்.

பின்னாளில் போஸ் தாவரங்களை ஆராய்ந்தார். கண்ணுக்குப் புலப்படாத செடியின் வளர்ச்சியைப் பத்தாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராப் என்னும் கருவியை அமைத்தார். அவருடைய முடிவுகள் சிலவற்றை அறிஞர் ஏற்கத் தயங்கினர்; அதற்காக அவர் ஆய்வை நிறுத்திவிடவில்லை. 1917இல் தம் பெயரால் விளங்கும் ஆராய்ச்சி நிலையத்தைக் கல்கத்தாவில் நிறுவினார். 1920இல் இலண்டன் வேத்தியல் கழக உறுப்பினரானார். 1937ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் கிரிடி நகரில் இயற்கை எய்தினார்.

மாணவச் செல்வங்களே! தாய்மொழிப் பள்ளியில் தொடங்கிய கல்வி அவரை உலக அறிஞர் அவைக்கு உயர்த்தியது. வசதியின்மையை அவர் காரணமாகக் காட்டவில்லை. அநீதிக்குத் தலை வணங்கவும் இல்லை. தமிழ்ப்பள்ளியில் பயிலும் நாமும், கையில் கிடைக்கும் எளிய பொருள்களைக் கொண்டே ஆராயத் தொடங்குவோம். ஏன், எப்படி என்று கேட்கும் பழக்கத்தை ஒருநாளும் கைவிடாதிருப்போமாக!