கக்கன் கோயிலுக்குள் போனார்... வெளியேறியது யார்?

மதுரை மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ் ஏறினால், உயர் நீதிமன்றக் கிளையைத் தாண்டியதும் யானைமலை தெரியும். அதன் அடிவாரத்தில் ஒத்தக்கடை. ஒரு பக்கம் 1965-ல் தொடங்கிய வேளாண் கல்லூரி, இன்னொரு பக்கம் வரிசையாக பிளாட்டுகள், புது வீடுகள், 'டூ லெட்' போர்டுகள். அதே ரோட்டில் இன்னும் போனால் மேலூர். அதன் பக்கத்தில் தும்பைப்பட்டி. முன்னாள் அமைச்சர் பி.கக்கனின் சொந்த ஊர்.

கக்கன் என்றதும் பலருக்கும் ஞாபகம் வருவது எளிமை. பதவி போன பிறகு டவுன் பஸ்ஸில் போனவர், அரசு மருத்துவமனையின் பொது வார்டில் படுத்திருந்தவர் என்று வாட்ஸ்அப்பில் வருஷா வருஷம் சுற்றும் கதைகள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய கதை ஒன்று இருக்கிறது. அவர் ஒரு வாசலைத் தாண்டி உள்ளே போனார். அதே காரணத்துக்காக, ஏற்கெனவே உள்ளே இருந்தவர்களில் ஒரு பகுதியினர் வெளியே போய்விட்டார்கள்.

அமெரிக்காவில் இப்படி வெளியேறுவதற்கு ஒரு பெயரே உண்டு: 'ஒயிட் ஃப்ளைட்'. மதுரையில் இதற்குத் தனிப் பெயர் எதுவும் வைக்கவில்லை. நடந்தது என்னவோ கிட்டத்தட்ட அதேதான்.

'ஒயிட் ஃப்ளைட்' என்றால் என்ன?

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவின் பெரிய நகரங்களைச் சுற்றிப் புறநகர்க் குடியிருப்புகள் முளைத்தன. நடுத்தர வர்க்கத்து வெள்ளையர்களுக்குக் கடன் சுலபமாகக் கிடைத்தது. கறுப்பினத்தவருக்கு விற்கக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதிவைக்கும் வழக்கமும் இருந்தது. அப்படிப்பட்ட நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1948-ல் தீர்ப்பளித்தது.

தீர்ப்பு வந்துவிட்டதே, பிரச்னை முடிந்ததா? இல்லை. 1957-ல் பென்சில்வேனியாவின் லெவிட்டவுன் குடியிருப்பில் மையர்ஸ் என்ற கறுப்பினக் குடும்பம் வீடு வாங்கிக் குடியேறியது. வீட்டு முன்னால் கூட்டம் கூடிக் கல்லெறிந்தது. பல ஊர்களில் கல்லெறியாதவர்கள்கூட வீட்டை விற்றுவிட்டு அடுத்த புறநகருக்கு நகர்ந்தார்கள். விலை விழப்போகிறது என்று பயமுறுத்தியே வெள்ளையர்களிடம் மலிவாக வாங்கி, கறுப்பினத்தவரிடம் கூடுதல் விலைக்கு விற்ற தரகர்களும் இருந்தார்கள். ஒருவர் உள்ளே வந்தால் மற்றவர் வெளியே போவது. 'ஒயிட் ஃப்ளைட்' என்பது இதைத்தான்.

இப்போது மதுரைக்கு வருவோம்.

பூசாரி மகனுக்குக் கோயிலில் இடமில்லை

கக்கன் பிறந்தது 1908 ஜூன் 18. அப்பா பெயரும் கக்கன்தான். கிராமத்துச் சாமிக்குப் பூசை செய்தவர் என்பதால் பூசாரி கக்கன். மகனின் இனிஷியலில் இருக்கும் 'பி' அந்தப் பூசாரிதான்.

அன்றைய ஊர் அமைப்பை ஒரு வரைபடம் மாதிரி யோசித்துப் பாருங்கள். நடுவில் 'ஊர்'. தள்ளி, வயலுக்கோ ஓடைக்கோ அந்தப் பக்கம் 'சேரி'. குடிநீர்க் கிணறு, டீக்கடை டம்ளர், சுடுகாடு என எல்லாமே இரண்டு. பட்டியல் சமூகத்தில் பிறந்த கக்கன் வளர்ந்த உலகம் இது. சேரிக் கோயிலில் பூசை செய்யும் குடும்பத்துப் பிள்ளை, மதுரை மீனாட்சி கோயிலுக்கு வந்தால் கோபுரத்தை வெளியே நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

கக்கனின் சமூகத்துக்கு மட்டும் இந்தத் தடை இல்லை. நாடார்களும் அன்று வெளியேதான் நின்றார்கள். கமுதி கோயிலில் நுழைய நாடார்களுக்கு உரிமை இல்லை என்று லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பு சொன்னதும் கக்கன் பிறந்த அதே 1908-ல்தான்.

மேலூரிலும் திருமங்கலத்திலும் படித்த கக்கன், இளம் வயதிலேயே காங்கிரஸுக்கு வந்தார். தன் மக்களுக்காக இரவுப் பள்ளிகள் நடத்தினார். அந்த வழியில் அவருக்குக் கிடைத்த தொடர்புதான் மதுரை வழக்கறிஞர் ஏ.வைத்தியநாத ஐயர். அவர் ஹரிஜன சேவா சங்கத்தை முன்னின்று நடத்தியவர். அவருடைய வீட்டில் கக்கன் பிள்ளை மாதிரியே பழகினார். பிராமண வீட்டுக்குள் பட்டியல் சமூக இளைஞர் வந்து போவதும் சாப்பிடுவதும் அன்றைக்குச் சின்ன விஷயமில்லை. சொந்தச் சாதிக்காரர்களின் கோபத்தை ஐயர் தினமும் சந்திக்க வேண்டியிருந்தது.

1939 ஜூலை 8 அன்று என்ன நடந்தது?

அன்று காலை வைத்தியநாத ஐயரும் எல்.என்.கோபாலசாமியும் ஒரு சிறு குழுவை அழைத்துக்கொண்டு மீனாட்சி கோயிலுக்குள் நுழைந்தார்கள். கக்கன் உள்பட ஐந்து பேர் பட்டியல் சமூகத்தினர். இன்னொருவர் விருதுநகரைச் சேர்ந்த எஸ்.எஸ்.சண்முக நாடார். கோயில் நிர்வாக அதிகாரி ஆர்.எஸ்.நாயுடு அவர்களைத் தடுக்கவில்லை, வரவேற்றார். முத்துராமலிங்கத் தேவரின் ஆதரவும் இருந்ததால், எதிர்பார்த்த அடிதடி எதுவும் நடக்கவில்லை. சாமி கும்பிட்டுவிட்டு எல்லோரும் வெளியே வந்தார்கள்.

சட்டப்படி பார்த்தால் அது ஆபத்தான காரியம். கோயிலைத் தீட்டுப்படுத்தியதாக வழக்குப் போட இடம் இருந்தது. ராஜாஜி தலைமையிலான சென்னை மாகாண அரசு அவசரமாகத் தலையிட்டது. அந்த ஜூலையிலேயே ஆளுநரின் அவசரச் சட்டம், செப்டம்பரில் முழுச் சட்டம். ஆலயப் பிரவேசத்தில் பங்கேற்றவர்கள் மீதும், அனுமதித்த அதிகாரிகள் மீதும் வழக்கு பாயாமல் அது காப்பாற்றியது.

இதுவரை பாடப் புத்தகத்தில் இருக்கும். இதற்குப் பிறகு நடந்ததுதான் அதிகம் பேசப்படாத பகுதி.

வெளியேறியவர்கள் எங்கே போனார்கள்?

கோயில் தீட்டுப்பட்டுவிட்டது, சுத்திகரிப்புச் சடங்கு செய்யாமல் பூசை கிடையாது என்று பட்டர்களில் பெரும்பாலோர் சொல்லிவிட்டார்கள். சன்னிதி பூட்டப்பட்டது. நிர்வாகம் பூட்டைத் திறக்க வைத்து, வர மறுத்தவர்களைத் தள்ளிவைத்துவிட்டு, வேறு ஆட்களை வைத்துப் பூசையைத் தொடர்ந்தது.

எதிர்த்தவர்கள் சும்மா இருக்கவில்லை. வைதீகர்கள் அமைப்பின் தலைவராக இருந்த வழக்கறிஞர் நடேச ஐயரின் வீட்டு வளாகத்திலேயே தனியாக ஒரு மீனாட்சியை வைத்து வழிபட்டார்கள். அம்மனே பழைய கோயிலை விட்டுக் கிளம்பி இங்கே வந்துவிட்டாள் என்பது அவர்களின் வாதம்.

கொஞ்சம் நிதானமாக யோசித்தால் இதன் தர்க்கம் புரியும். கக்கன் உள்ளே வருவதைத் தடுக்க முடியவில்லை. சட்டம் அவர் பக்கம் போய்விட்டது. எனவே இடத்தையே மாற்றிவிட்டார்கள். யாருக்கும் அனுமதி மறுக்கத் தேவையில்லை, கல்லெறியத் தேவையில்லை. மதிப்பு இருந்த இடத்தை 'மதிப்பு இல்லாத இடம்' என்று அறிவித்துவிட்டு, புது இடத்தில் பழைய கட்டுப்பாட்டோடு தொடரலாம். புறநகர் வீட்டை விற்றுவிட்டு அடுத்த புறநகருக்குப் போன அமெரிக்கர்கள் செய்ததும் இதுதான்.

ஆனால் மதுரையில் ஒரு வித்தியாசம். வீட்டை விற்றுவிட்டுப் போகலாம், மீனாட்சி கோயிலை எடுத்துக்கொண்டு போக முடியாது. ஜனங்கள் பழைய கோயிலுக்குத்தான் வந்தார்கள். பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துத் திரும்பிப் போகவில்லை. கோர்ட் வழக்குகளும் பலன் தரவில்லை. ஆறு வருஷம் கழித்து, 1945-ல் பட்டர்கள் பணிக்குத் திரும்பினார்கள்.

கக்கன் எங்கே இருந்தார்?

இந்த ஆறு வருஷத்தில் கக்கன் சுதந்திரப் போராட்டத்தில் முழுசாக இறங்கியிருந்தார். 1942 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தில் கைதாகி, அலிப்பூர் சிறை வரை போய் வந்தார்.

1946-ல் அரசியல் நிர்ணய சபை உறுப்பினர் ஆனார். தீண்டாமையை ஒழித்து, அதை எந்த வடிவத்தில் கடைப்பிடித்தாலும் குற்றம் என்று சொல்லும் 17-வது பிரிவை 1948 நவம்பர் 29 அன்று ஏற்றுக்கொண்டது அந்தச் சபைதான். கோபுரத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர், நாட்டின் சட்டத்தை எழுதும் சபையில் ஓர் உறுப்பினர்.

1952-ல் மதுரையிலிருந்து மக்களவை. 1957 முதல் காமராஜர் அமைச்சரவையில் பொதுப்பணித் துறை. வைகை அணை 1959-ல் திறக்கப்பட்டபோது அந்தத் துறை அவரிடம்தான் இருந்தது. பிறகு விவசாயம். 1963-ல் பக்தவத்சலம் முதல்வரானபோது உள்துறை. மாநிலத்தின் மொத்த போலீஸும் அவர் கையில் வந்தது.

இடையில் 1955-ல் வைத்தியநாத ஐயர் இறந்தார். கக்கன் மொட்டை அடித்துக்கொண்டார். பெற்ற பிள்ளைகளோடு ஒரு பிள்ளையாக நின்று இறுதிக் காரியங்களில் பங்கேற்றார். ஒரு பிராமண வீட்டின் இழவில் அவர் மகன் ஸ்தானத்தில் நின்றார் என்பது, கோயிலுக்குள் போனதைவிடச் சின்ன விஷயம் கிடையாது.

கக்கனின் அரசியலில் கறையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் பலர் இறந்தபோது உள்துறை அமைச்சர் அவர்தான். மாணவர்களின் கோபம் நேராக அவர் மேல் திரும்பியது. 1967 தேர்தலில் காங்கிரஸ் ஆட்சியை இழந்தது, கக்கனும் சொந்தப் பகுதியிலேயே தோற்றார். அந்தத் தோல்விக்குப் பிறகுதான் பஸ் பயணமும் பொது வார்டும் வருகின்றன. மதுரை அரசு மருத்துவமனையில் அவர் இருப்பதை அறிந்து அன்றைய முதல்வர் எம்.ஜி.ஆர். போய்ப் பார்த்தார். 1981 டிசம்பர் 23 அன்று சென்னையில் கக்கன் காலமானார்.

அதோடு முடிந்ததா?

மதுரை மாவட்டத்தின் இன்னொரு மூலையில், பேரையூர் தாலுகாவில் இருக்கிறது உத்தப்புரம். 1989-ல் நடந்த சாதி மோதலைத் தொடர்ந்து, பட்டியல் சமூக மக்கள் வசிக்கும் பகுதியைப் பிரித்து அங்கே நீளமான ஒரு சுவர் எழுப்பப்பட்டது. சுமார் 20 வருஷம் அது அப்படியே நின்றது. 2008 மே 6 அன்று அதன் ஒரு பகுதியை மாவட்ட நிர்வாகம் இடித்துப் பாதை திறந்தது.

உடனே என்ன நடந்தது தெரியுமா? சுவரின் மறுபக்கம் இருந்த குடும்பங்களில் பல, எதிர்ப்புக் காட்டி ரேஷன் கார்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஊரைக் காலி செய்து மலையடிவாரத்துக்குப் போய்விட்டன. 1939-க்கும் 2008-க்கும் நடுவில் 69 வருஷம். காட்சி மட்டும் அதேதான். பேச்சுவார்த்தைக்குப் பிறகு அவர்களும் திரும்பி வந்தார்கள். 2011 நவம்பரில் அந்த ஊர் முத்தாலம்மன் கோயிலுக்குள் பட்டியல் சமூக மக்கள் நுழைந்தார்கள்.

எதிர்த் திசையிலும் முயற்சிகள் நடந்தன. எல்லாச் சாதியினரையும் ஒரே தெருவில் குடிவைக்கும் சமத்துவபுரம் திட்டத்தின் முதல் ஊர், 1998-ல் இதே மதுரை மாவட்டத்தின் மேலக்கோட்டையில் திறக்கப்பட்டது. 100 வீடுகளில் 40 பட்டியல் சமூகத்தினருக்கு, மீதி மற்றவர்களுக்கு என்று கணக்குப் போட்டு ஒதுக்கினார்கள். அரசு கட்டிய வீடு என்பதால் அந்தக் கணக்கு சாத்தியமானது.

இன்றைக்கு இது ஏன் முக்கியம்?

தனியார் வீடுகளில் அப்படிக் கணக்கு எதுவும் கிடையாது. வீட்டை விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனப் பாகுபாடு கூடாது என்று அமெரிக்கா 1968-ல் தனிச் சட்டம் கொண்டுவந்தது. இந்தியாவில் அதுபோலத் தனியார் குடியிருப்புகளுக்கென்று ஒரு சட்டம் இல்லை. பார்சிகளுக்கு மட்டுமே உறுப்பினர் இடம் என்று அகமதாபாத்தின் ஒரு வீட்டுவசதிச் சங்கம் வைத்திருந்த விதியை, 2005-ல் உச்ச நீதிமன்றமே செல்லும் என்று சொல்லியிருக்கிறது.

வேலை கிடைத்து ஊர் மாறி வாடகை வீடு தேடியவர்களுக்கு அந்த விசாரணை நன்றாகவே தெரியும். முதலில் பெயர். அடுத்து சொந்த ஊர், அதில் எந்தத் தெரு. சைவமா அசைவமா. கடைசியில் நேரடியாகவே, நீங்க என்ன ஆளுங்க? பதில் பிடிக்கவில்லை என்றால், வீடு ஏற்கெனவே பேசி முடிந்துவிட்டதாகத் தகவல் வரும். போர்டு மட்டும் அடுத்த வாரமும் அங்கேயே தொங்கும். சுவர் கட்டத் தேவையில்லாத சுவர் இது.

கக்கனின் படத்தை 1999-ல் தபால் தலையில் போட்டார்கள். தும்பைப்பட்டியில் மணிமண்டபமும் இருக்கிறது. அவருடைய எளிமையைப் பாராட்டுவது எல்லாக் கட்சிக்கும் வசதி, ஏனென்றால் அதற்காக யாரும் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் கேட்டது எளிமைக்கான பாராட்டை அல்ல, மற்றவர்கள் நிற்கும் அதே இடத்தில் நிற்கும் உரிமையை. பக்கத்து பிளாட்டுக்கு யார் குடிவந்தாலும் வீட்டை விற்கும் யோசனை வராத அன்றைக்குத்தான் அது முழுசாகக் கிடைத்ததாக அர்த்தம்.